பழைய ஹெட்டைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன்

என்னிடம் இருப்பது 1929-இல் செய்த ஃபோர்டு மாடல் ஏ. நான்கு சிலிண்டர், பக்கவாட்டு வால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருக்கும்), 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேடு வந்தால் மட்டும் டாப் கியரில் மூச்சு வாங்கும். "கம்ப்ரெஷன் கூடின ஹெட் போடுங்க, ஆளே மாறிடும்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஹெட் என்பது எஞ்சின் பிளாக்கின் மேல் உட்காரும் மூடி; எரி அறை அதன் அடியில்தான் இருக்கும். கம்ப்ரெஷன் விகிதம் என்பது பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோல்-காற்றுக் கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது. சரி, பார்த்துவிடுவோம் என்று இரண்டு ஹெட் வாங்கினேன். ஒன்று புதிதாக வார்த்த இரும்பு. இன்னொன்று யாரோ பல வருடம் ஓட்டிவிட்டுக் கழற்றி வைத்த அலுமினியம். இரண்டையும் விற்றவர்கள் சொன்ன விகிதம் ஒன்றேதான்: 5.5-க்கு 1.

ஒரே நம்பர் என்பதால் இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடும் என்று நினைத்தேன். பிறகு எதற்கு இரண்டு என்று கேட்காதீர்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

எந்த ஹெட் எப்படி என்று சொல்வதற்கு முன், அந்தக் காலத்து எஞ்சின்களில் கம்ப்ரெஷன் ஏன் இவ்வளவு குறைவு என்று சொல்லிவிடுகிறேன். மாடல் ஏ-யின் அசல் விகிதம் 4.22-க்கு 1. இன்றைய எஞ்சின்கள் சர்வசாதாரணமாக 10-ஐத் தாண்டுகின்றன. ஃபோர்டு ஆட்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கையில் இருந்த பெட்ரோல் அப்படி. கம்ப்ரெஷனைக் கூட்டினால், பிளக்கிலிருந்து கிளம்பிய சுவாலை வந்து சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றி வெடிக்கும். தகரத்தில் ஆணியால் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். அதுதான் நாக்கிங். அதைக் குறைக்கப் பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தது 1921-இல். பெட்ரோலின் தாங்குதிறனை அளக்க ஆக்டேன் அளவுகோல் என்ற ஒன்று வந்ததே 1926-இல்தான். அதனால் எந்த ஊர்ப் பெட்ரோலை ஊற்றினாலும் ஓட வேண்டும் என்று விகிதத்தைத் தாழ்த்தியே வைத்தார்கள்.

இப்போது பெட்ரோல் மாறிவிட்டது. ஆகவே கொஞ்சம் கூட்டலாம். எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தாளிலேயே போட்டுப் பார்க்க முடியும். ஏட்டுக் கணக்குப்படி 4.22-இல் வெப்பத்திறன் (எரியும் சூட்டில் வேலையாக மாறும் பங்கு) சுமார் 44 சதவீதம்; 5.5-இல் 49, 6-இல் 51, 7-இல் 54. நிஜ எஞ்சின் இந்த எண்களின் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் ஓரளவு சரியாகவே இருக்கும். அதாவது 4.22-லிருந்து 5.5-க்குப் போனால் இழுவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடலாம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு படிக்கும் லாபம் சுருங்கிக்கொண்டே போகும், பேரிங் மேல் விழும் அடி மட்டும் கூடிக்கொண்டே போகும். மாடல் ஏ-யின் கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைத் தாங்குவது மூன்றே மூன்று பேரிங், அதுவும் உருக்கி ஊற்றிய ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக்கலவை. 7-க்கு 1 ஹெட்டும் விற்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

முதல் நாள் சோதனைக்குப் பெரிய தயாரிப்பு எதுவும் செய்யவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேரான சாலை. டாப் கியரில் 15 மைல் வேகத்தில் நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்து, ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கி, 40 மைல் தொடுவதற்கு எத்தனை வினாடி என்று நண்பன் ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தான். போகும்போது ஐந்து தடவை, திரும்பும்போது ஐந்து தடவை. சராசரி 14.9 வினாடி. எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அசல் ஹெட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.

கழற்றுவது என்றால் நட்டை அவிழ்த்துத் தூக்குவது மட்டும் இல்லை. மாடல் ஏ-யில் தண்ணீர் பம்ப் ஹெட்டின் முன்பக்கத்தில் மாட்டியிருக்கும். மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதன் தண்டு ஹெட்டைத் துளைத்துக்கொண்டுதான் கீழே இறங்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். எல்லாவற்றையும் கழற்றியபிறகும் ஹெட் அசையவில்லை. ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்பினேன். எனக்கு இந்த வேலையெல்லாம் கற்றுக்கொடுத்த பெரியவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தம்பி, அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வை."

"வரமாட்டேங்குதுண்ணே."

"எஞ்சின் வேலையை எஞ்சின்கிட்டயே விடு. நட்டு எல்லாத்தையும் நாலு சுத்து தளர்த்தி மாட்டு. பிளக்கைத் திரும்பப் போடு. இக்னிஷனை அணைச்சிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டு."

தட்டினேன். இரண்டாவது சுற்றிலேயே 'புஸ்' என்று ஒரு சத்தம். ஹெட் தானாக விட்டுக்கொண்டு நட்டுகளில் முட்டி நின்றது. உள்ளே அமுங்கிய காற்றே தூக்கிவிட்டது. தண்ணீரை முன்பே முழுக்க வடித்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஸ்க்ரூடிரைவர் அதற்குள் தன் வேலையைக் காட்டிவிட்டது: பிளாக்கின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு கீறல். நல்லவேளை, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கட் என்ற மெல்லிய தகடு அடைக்கும் இடத்துக்கு வெளியே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய செப்பு கேஸ்கட்டுகளின் நடுவில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ்தான் இருக்கும். காய்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, மெதுவாகச் சுரண்டி, பையில் கட்டித் தனியாக வைத்து, ஆபத்தான கழிவுக்கு உரிய வழியில் அப்புறப்படுத்துங்கள்.

அலுமினிய ஹெட்டை மாட்டினேன். புது கேஸ்கட், புது பிளக், டைமிங்கும் (பொறி எந்தக் கணத்தில் விழுகிறது என்பது) புதிதாக வைத்தேன். மறுநாள் அதே சாலை, அதே நண்பன். சராசரி 12 வினாடி!

2.9 வினாடி லாபம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விசில்தான். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பழைய ஹெட்டுக்கும் இதே மாதிரி புது கேஸ்கட் போட்டு ஓட்டிப் பார்த்தியா?"

எரிச்சலாகத்தான் இருந்தது. கழற்றி மாட்ட ஒரு முழு நாள் ஆகும். ஆனால் கேள்வி மண்டையில் உட்கார்ந்துகொண்டது. கழற்றி வைத்திருந்த பழைய கேஸ்கட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இரண்டாம், மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பாலத்தில் கறுப்பாக ஒரு தடம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கசிந்துகொண்டு இருந்திருக்கிறது. அதோடு அசல் ஹெட்டை நான் ஓட்டியது, எப்போதோ யாரோ வைத்த டைமிங்கில்.

அதனால் அந்த வார இறுதியில் அசல் ஹெட்டின் கேஸ்கட் பரப்பை மட்டும் சுத்தம் செய்து திரும்ப மாட்டினேன். புது கேஸ்கட், அதே புது பிளக், முறையான டைமிங். மறுபடியும் பத்து ஓட்டம். சராசரி 13.3.

ஆக, நான் கொண்டாடிய 2.9 வினாடியில் 1.6 வினாடி ஹெட்டால் வந்ததே இல்லை. கேஸ்கட்டும் டைமிங்கும் கொடுத்தது. கம்ப்ரெஷன் ஹெட் போட்டு "ஆளே மாறிவிட்டது" என்று சொல்பவர்களில் எத்தனை பேர் இப்படிப் பழைய ஹெட்டைத் திரும்ப மாட்டிப் பார்த்திருப்பார்கள் என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நானே பார்த்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் வேலையை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தேன். முதலில், விற்றவர் சொன்ன நம்பரை நம்புவதை நிறுத்தினேன். கம்ப்ரெஷன் விகிதத்தை வீட்டிலேயே அளக்க முடியும். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரி அறை மேலே பார்க்கும்படி மட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளக்கை மாட்டிவிட வேண்டும். கண்ணாடி போல இருக்கும் ஒரு அக்ரிலிக் தகட்டில் ஓரமாக ஒரு துளை போட்டு, அறையைச் சுற்றி மெல்லியதாக கிரீஸ் தடவி, தகட்டை அதன்மேல் அழுத்த வேண்டும். பிறகு பியூரெட்டிலிருந்து (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) துளை வழியாக மண்ணெண்ணெயை விடுவது. கொஞ்சம் சாயம் கலந்துகொண்டால் கண்ணுக்குத் தெரியும். கடைசியில் பிடிவாதமாக ஒரு குமிழி தகட்டுக்கு அடியில் நின்றுகொள்ளும். துளை இருக்கும் பக்கம் இம்மியளவு உயரும்படி ஹெட்டைச் சாய்த்தால் அது நகர்ந்து வெளியே போய்விடும். அந்தக் குமிழியைச் சும்மா விட்டால் இரண்டு மூன்று சிசி தவறும்.

ஹெட்டில் அளந்தது மட்டும் கணக்கு ஆகாது. கேஸ்கட்டின் தடிமனும் ஓர் அறைதான். பக்கவாட்டு வால்வு எஞ்சினில் கேஸ்கட்டின் துளை வால்வுகளையும் சேர்த்து வளைத்துக்கொண்டு போவதால் அந்தப் பரப்பு பெரியது. என்னுடையதில் கேஸ்கட் மட்டும் 18 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பிளாக்கின் மட்டத்துக்கு எவ்வளவு கீழே அல்லது மேலே என்பதையும் சேர்க்க வேண்டும். அந்த மொத்தத்தால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவை வகுத்து 1-ஐக் கூட்டினால் விகிதம் வந்துவிடும். மாடல் ஏ-யில் ஒரு சிலிண்டர் 821 சிசி. அசல் 4.22 வர வேண்டுமென்றால் அறை 255 சிசி, 5.5 வர வேண்டுமென்றால் 182.5 சிசி.

எல்லாம் சேர்த்து அலுமினிய ஹெட் சராசரியாக 181 சிசி காட்டியது. விகிதம் 5.54. சொன்ன சொல் தவறவில்லை. புது இரும்பு ஹெட் 198 சிசி! விகிதம் 5.15. அதிலும் நான்கு அறைகளும் ஒன்றுபோல இல்லை: மிகச் சிறியது 193, மிகப் பெரியது 202. வார்க்கும்போது, அறைக்கு வடிவம் கொடுக்கும் உள்ளச்சு நகர்ந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை, அசல் ஹெட்டைச் சுத்தம் செய்வதற்கு முன் அளந்தபோது 251, கார்பனைச் சுரண்டியபிறகு 256. ஒட்டியிருந்த கரியே விகிதத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தது.

நிறையப் பேர் பிளக் துளையில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்து "80 பவுண்டு காட்டுது, அப்ப இது 5.5 தான்" என்பார்கள். அந்த எண் பேட்டரி எவ்வளவு வேகமாகச் சுற்றியது, வால்வு எப்போது மூடியது, பிஸ்டன் ரிங் எந்த நிலைமையில் இருக்கிறது என்று பலதையும் சேர்த்துச் சொல்கிறது. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று சமமா என்று பார்க்க அது நல்ல கருவி. விகிதத்தை அறிய பியூரெட்தான்.

இரும்பு ஹெட்டை மாட்டுவதற்கு முன் களிமண் சோதனையும் செய்தேன். பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணை உருட்டிப் பிஸ்டன் மேலும் வால்வு மேலும் வைத்து, ஹெட்டைப் பழைய கேஸ்கட்டோடு லேசாக முடுக்கி, கையால் எஞ்சினை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றுவது. களிமண் ஒட்டாமல் இருக்க ஹெட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். பிறகு பிளேடால் குறுக்கே வெட்டி அளந்தால் எங்கே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். உள்ளச்சு நகர்ந்த அந்த ஹெட்டில், மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுக்கு மேலே மிச்சமிருந்தது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. களிமண் வைக்காமல் ஸ்டார்ட்டரைத் தட்டியிருந்தால் முட்டியிருக்காது, ஆனால் சூட்டில் வால்வு நீளும்போது என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையில்லை. அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் குடைந்து இரண்டு மில்லிமீட்டர் ஆக்கினேன்.

அதே களிமண்தான் இரண்டு ஹெட்டுக்கும் உள்ள அசல் வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்தது. இரும்பு ஹெட்டில் பிஸ்டன் மேல் களிமண் அடை தடிமனாக, கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்தது. விகிதத்தைக் கூட்டுவதற்காக மொத்தக் கூரையையும் தாழ்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அலுமினிய ஹெட்டில் பிஸ்டனின் பெரும்பகுதிக்கு மேல் களிமண் அப்பளமாக நசுங்கியிருந்தது, 1.8 மில்லிமீட்டர். வால்வுகளின் மேல் மட்டும் ஒரு குழிவான கூடு.

இந்த வடிவத்தின் மூலவர் இங்கிலாந்துக்காரர் ஹாரி ரிக்கார்டோ. நாக்கிங் என்பது கடைசியில் எரியவேண்டிய கலவை தானாகப் பற்றிக்கொள்வதுதான் என்று கண்டு சொன்னவர்களில் முக்கியமானவர். ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரெஷனை ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினைச் செய்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு எரிபொருளாகப் பரிசோதித்தார். (நாமோ ஒவ்வொரு தடவையும் நட்டு கழற்ற வேண்டியிருக்கிறது.) பக்கவாட்டு வால்வு எஞ்சினுக்கு அவர் சொன்ன வழி இது: எரி அறையை வால்வுகளுக்கு மேலே ஒரே இடத்தில் குவி, பிளக்கை அதன் நடுப்பக்கமாக வை, பிஸ்டனின் மறுபக்கத்தில் கூரையை அநேகமாக உரசும் அளவுக்கு இறக்கு. பிஸ்டன் மேலே வரும்போது அந்த இடுக்கில் இருக்கும் கலவை பிதுங்கிக்கொண்டு அறைக்குள் பாயும். பாயும் வேகத்தில் சுழலும். சுழலும் கலவை சடுதியில் எரியும். இடுக்கில் மாட்டிய மெல்லிய படலமோ இரண்டு பக்கமும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் குளிர்ந்துவிடும், தானாகப் பற்றாது. ஒரே ஏற்பாட்டில் இரண்டு காரியம்.

இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். ஆனால் என் வண்டியில் பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லீவரில் கைவைத்து உணர்ந்தது இரும்பு ஹெட்டை மாட்டிய பிறகுதான்.

இரும்பு ஹெட்டின் முதல் ஓட்டம் 13.1 வினாடி. விகிதம் 5.15 என்று கணக்கில் இருக்க, அசல் ஹெட்டைவிட வெறும் 0.2 வினாடி முன்னே. எங்கேயோ இடிக்கிறதே என்று தேடினேன். முன்னே சொன்ன டிஸ்ட்ரிபியூட்டர்தான் குற்றவாளி. ஹெட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அது அவிழ்ந்து திரும்ப உட்காருகிறது. அதற்குள், ரோட்டர் என்ற சுழலும் பாகத்துக்குக் கீழே, பொறி விழும் கணத்தைத் தீர்மானிக்கும் கேமைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை முடுக்கும்போது கேம் ஒரு மயிரிழை திரும்பிவிட்டால் டைமிங் சில டிகிரி போய்விடும். முன்பக்க கியர் மூடியில் இருக்கும் டைமிங் பின்னைத் திருப்பிச் செருகி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அது கேம்ஷாஃப்ட் கியரின் குழியில் விழுவதை உணர்ந்து, பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் பிரியும் கணத்தை (அப்போதுதான் பொறி விழும்) ஒரு சோதனை விளக்கை வைத்துப் பார்த்தேன். டைமிங் பின்தங்கியிருந்தது. சரி செய்தபிறகு 12.4.

அதோடு இன்னொரு முட்டாள்தனமும் புரிந்தது. அதுவரை எல்லா ஹெட்டையும் ஸ்பார்க் லீவரை ஒரே இடத்தில் வைத்துத்தான் ஓட்டியிருந்தேன், "நியாயமான போட்டி" என்று நினைத்துக்கொண்டு. அது நியாயமே இல்லை. ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு வேகத்தில் எரிகிறது. ஒவ்வொன்றுக்கும் பொறி எப்போது வேண்டும் என்பது வேறு. அதனதன் சிறந்த இடத்தில் வைத்து ஓட்டினால்தான் ஹெட்டோடு ஹெட்டை ஒப்பிட முடியும்.

மாடல் ஏ-யில் இதற்கு வசதி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஸ்பார்க் லீவர். மேலே தள்ளினால் பொறி தாமதம், கீழே இழுத்தால் முன்கூட்டி. அதன் பாதையை ஒட்டி ஒரு தாள் பட்டையை ஒட்டி, மேலிருந்து கீழாக 0 முதல் 10 வரை பிரித்தேன். பிறகு ஒரு நீண்ட மேட்டில், 20 மைல் வேகத்தில், முழு திராட்டிலில், லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே எந்த இடத்தில் நன்றாக இழுக்கிறது, எந்த இடத்தில் நாக்கிங் கேட்கிறது என்று குறித்தேன். ஒவ்வொரு ஹெட்டுக்கும் நாலைந்து தடவை. நாக்கிங் காதில் விழுந்த உடனே லீவரை ஏற்றிவிட வேண்டும். "இன்னொரு தடவை கேட்கலாம்" என்று அங்கேயே நிற்பது பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் செய்யும் பாவம்.

அசல் ஹெட்: 8-இல் நன்றாக இழுத்தது, 10 வரை இறக்கியும் சத்தமே இல்லை. இரும்பு ஹெட்: 7-இல் நன்றாக இழுத்தது, 7.5-இல் தகரச் சத்தம். அலுமினிய ஹெட்டைத் திரும்ப மாட்டியபோது 5.5-இலேயே நன்றாக இழுத்தது, 8.5 வரை போனபிறகுதான் சத்தம்.

இந்த மூன்று வரிதான் என் ஒரு மாத உழைப்பின் பலன் என்று சொல்வேன். வினாடிக் கணக்கைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இரும்பு ஹெட்டில் நல்ல இடத்துக்கும் கெட்ட இடத்துக்கும் நடுவில் அரைப் பிரிவு. அலுமினிய ஹெட்டில் மூன்று பிரிவு. அளந்து பார்த்தால் கம்ப்ரெஷன் அதிகம் இருப்பது அலுமினியத்தில், ஆனால் நாக்கிங்குக்குத் தள்ளி நிற்பதும் அதுவே. அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும் என்பதால் அந்த நிம்மதியில் ஒரு பங்கு உலோகத்துக்குப் போகலாம், மறுக்கவில்லை. ஆனால் 5.5-இலேயே பொறி போதும் என்பதற்கு உலோகம் காரணமாக இருக்க முடியாது. அது கலவை வேகமாக எரிவதன் அடையாளம், வடிவத்தின் வேலை.

இரும்பு ஹெட்டை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. 40-லிருந்து 55 மைல் வரை ஓட்டிப் பார்த்தபோது அசல் 14.2, அலுமினியம் 12.6, இரும்பு 12.3 வினாடி. அதாவது மேல் வேகத்தில் இரும்பு ஹெட் பிடித்துவிட்டது. பக்கவாட்டு வால்வு எஞ்சினில் கலவை வால்விலிருந்து கிளம்பி, பக்கவாட்டில் திரும்பி, கூரைக்கு அடியில் இருக்கும் வாசல் வழியாகத்தான் சிலிண்டருக்குள் போக வேண்டும். அலுமினிய ஹெட்டில்போலக் கூரையை அதிகம் இறக்கினால் அந்த வாசல் குறுகும். வேகம் கூடும்போது மூச்சு முட்டும். கம்ப்ரெஷனும் வேண்டும், காற்றும் வேண்டும் என்றால் பக்கவாட்டு வால்வு ஓர் எல்லையில் கைவிரித்துவிடும். தலைக்கு மேல் வால்வு வைத்த எஞ்சின்கள் கடைசியில் ஜெயித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 12.6-க்கும் 12.3-க்கும் நடுவில் இருப்பது 0.3. ஒரே ஹெட்டில் ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் வித்தியாசமே அதைவிட அதிகம். எனவே இரண்டும் சமம் என்றுதான் நோட்டில் எழுதினேன்.

ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் வித்தியாசத்தைக் குறைக்கச் செய்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம்: விடியற்காலையில் மட்டும் ஓட்டுவது, டயர் காற்று ஒரே அளவு, பெட்ரோல் டேங்க் பாதி, தண்ணீர் ஒரே சூட்டுக்கு வந்தபிறகு ஆரம்பிப்பது. இன்னொன்றையும் செய்தேன். கடைசி இரண்டு சுற்றில் எந்த ஹெட் மாட்டியிருக்கிறேன் என்று நண்பனிடம் சொல்லவில்லை. பானெட்டைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் கட்டைவிரலுக்கும் ஆசை உண்டு. புது ஹெட் என்று தெரிந்தால் கொஞ்சம் சீக்கிரம் அமுங்கும்.

இரும்பு ஹெட் கொடுத்த இன்னொரு தொல்லை, சாவியை அணைத்தபிறகும் எஞ்சின் இரண்டு மூன்று சுற்று 'குடுகுடு' என்று ஓடுவது. கழற்றிப் பார்த்தால், பிளக் துளையின் கடைசி மரைகள் மூடப்படாமல் அறைப் பக்கம் திறந்து நின்றன. பிளக் குட்டை, துளை நீளம். அந்த மரையின் முனைகள் கங்கு போல ஒளிர்ந்து கலவையைப் பற்றவைத்திருக்கின்றன. சரியான நீளமுள்ள பிளக் போட்டு, அறைக்குள் இருந்த கூர்மையான ஓரங்களை எல்லாம் அரத்தால் மழுக்கினேன். தொல்லை நின்றது. புது ஹெட் எதை வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். விரலைக் கீறும் ஓரம் கட்டாயம் சுடும்.

ஹெட் நட்டுகளை முடுக்குவதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நடுவிலிருந்து வெளியே, மூன்று நான்கு படியாக, 55 அடி-பவுண்டு வரை. ஒருமுறை நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டுத் திரும்ப முடுக்க வேண்டும். இரும்பு ஹெட் என்றால் சூட்டிலேயே முடுக்கலாம். அலுமினியத்தை முழுக்க ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். சூட்டில் அது, நட்டுகள் ஏறும் எஃகு ஸ்டட்டைவிட அதிகமாக விரிந்து நிற்பதால், முடுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரென்ச் பொய் சொல்லும். ஸ்டட்டுகளில் ஹெட் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை தடவி மாட்டினால் அடுத்த தடவை கழற்றும்போது உங்களை நீங்களே வாழ்த்திக்கொள்வீர்கள்.

இப்போது வண்டியில் இருப்பது அலுமினிய ஹெட். 15-லிருந்து 40-க்கு 11.9 வினாடி. தாள் பட்டையைக் கிழித்துவிட்டு, 5.5 இருந்த இடத்தில் ஒரு சொட்டு வெள்ளை பெயிண்ட் வைத்திருக்கிறேன். அசல் ஹெட் எண்ணெய்த் துணி சுற்றி அலமாரியில். இரும்பு ஹெட்டை, அளந்த விகிதத்தை எழுதிய சீட்டோடு இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபிறகு, கூடின கம்ப்ரெஷன் பேரிங்கை என்ன செய்திருக்கிறது என்று பார்க்க எஞ்சினின் அடிச்சட்டியைக் கழற்றினோம். நடு மெயின் பேரிங்கில் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைச் சொல்லும் பிளாஸ்டிக் இழை) வைத்து அளந்தால் இடைவெளி கொஞ்சம் கூடுதல். பேரிங் மூடிக்கு அடியில் இருக்கும் ஒரு ஷிம்மை (மெல்லிய தகடு) எடுத்தால் சரியாகிவிடும். பெரியவர் நசுங்கிய பிளாஸ்டிக் இழையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஹெட் மாத்துறதுக்கு முன்னாடி இது எவ்வளவு இருந்துச்சு?"

அளக்கவில்லை என்று சொன்னேன்.